‘ஆம்’ என்று சொன்னது யார்?

மண்டையைத் திறக்காமல், மூளைக்குள் மின்முனை எதையும் செருகாமல், தலையின்மீது பொருத்திய சிறு விளக்குகளின் துணைகொண்டே ஒரு மனிதன் மனத்துக்குள் ‘ஆம்’ என்கிறானா, ‘இல்லை’ என்கிறானா என்று கண்டுகொள்ளலாம் என்னும் நம்பிக்கை சுமார் இருபது ஆண்டுகளாக விஞ்ஞானிகளிடையே வளர்ந்து வருகிறது. அந்த நம்பிக்கையை நான் பழிப்பவன் அல்லன். ஆனால், பேச்சற்றுக் கிடப்பவருக்குப் பிரதிநிதியாக ஒரு யந்திரத்தை நியமிக்குமுன் அதனிடம் கேட்கவேண்டிய சாட்சியத்தை நாம் கேட்கிறோமா என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு.

இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் பொத்தி, விரல்கள் செக்கச்செவேலென்று ஒளிர்வதைப் பார்த்து மகிழாத குழந்தை இல்லை. அந்தச் செந்நிறத்துக்குச் சற்று அப்பால், ஏறக்குறைய 700 முதல் 900 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குப் புலப்படாத ஒளி தசையையும் எலும்பையும் இன்னும் தாராளமாக ஊடுருவுகிறது. பிராணவாயுவைச் சுமந்த இரத்தமும் அதை இழந்த இரத்தமும் அவ்வொளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. இவ்விரண்டையும் கொண்டு, உயிருள்ள மூளையின் பிராணவாயு நிலையை வெளியிலிருந்தே கணிக்கலாம் என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்ஸ் யோப்சிஸ் 1977-ல் காட்டினார். மூளையில் வேலை செய்யும் பகுதிக்கு இரத்தம் பெருகிப் பாயும். விளக்கிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளி வைத்த உணர்கருவி அம்மாறுதலைப் படிக்கும். ஆனால் அந்தப் பெருக்கம் உச்சமடைய ஐந்தாறு விநாடி ஆகும். ஒளியோ மூளையின் மேற்பரப்புக்குக் கீழே அதிகம் இறங்காது. தலைத்தோலின் இரத்தவோட்டமும் கணக்கில் வந்து கலந்துவிடும். நிமிடத்துக்கு 100 சொற்களை மனத்தாலேயே தட்டெழுதவைப்போம் என்று 2017-ல் முழங்கிய பேஸ்புக் நிறுவனம், தலையில் அணியும் ஒளிக்கருவி முயற்சியை 2021-ல் கைவிட்டதில் வியப்படைய ஒன்றுமில்லை.

அதில் போனது பணம் மாத்திரமே. ஜெர்மனியில் நேர்ந்ததோ வேறு வகையானது. டூபிங்கன் பல்கலைக்கழகத்து நீல்ஸ் பிர்பாமரும் அவருடைய சகாக்களும், ஏ.எல்.எஸ். நோயினால் கண்ணைக்கூட அசைக்க இயலாத நால்வரிடம் இம்முறையில் விடை பெற்றதாகவும், பத்தில் ஏழு விடைகள் பொருந்தியதாகவும் அதே 2017-ல் எழுதினார்கள். வாழ்வதில் மகிழ்ச்சி உண்டா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே பெரும்பாலும் வந்ததாம். மகள் தான் விரும்பியவரை மணக்கலாமா என்று ஒரு தந்தையைக் கேட்டபோது, பத்து முறையில் ஒன்பது முறை ‘இல்லை’ என்று வந்ததாம்! அதே பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானி ஒருவர் அந்தத் தரவுகளை எடுத்துக் கணக்கிட்டு, முடிவு நிற்கவில்லை என்றார். ஜெர்மன் ஆராய்ச்சி நிதி அமைப்பு 2019-ல் விசாரித்து, ஆராய்ச்சி ஒழுக்கம் மீறப்பட்டதாகத் தீர்மானித்தது. கட்டுரையை வெளியிட்ட இதழும் அதைத் திரும்பப் பெற்றது. தங்கள் முடிவு சரியே என்று ஆய்வாளர்கள் வாதாடினார்கள். வாதம் எப்படியாயினும், அந்தத் தந்தை எழுந்து வந்து ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று மறுக்க வழியில்லையே! மேலும், காசைச் சுண்டினாலே பத்தில் ஐந்து சரியாக வரும் இடத்தில், ஏழு என்பது ஒரு குடும்பம் நம்பிக் காரியம் செய்யத்தக்க எண்ணா?

நம்மைத் தொடும் விஷயம் ஒன்றும் இதில் உண்டு. கரிய அடர்ந்த கேசமும் கருமை மிகுந்த தோலும் ஒளியைத் தாமே விழுங்கிக்கொள்வதால், ஆய்வுக்கூடத்தில் குச்சிமுனையால் மயிரை ஒதுக்கி ஒதுக்கி ஒவ்வொரு விளக்கையும் பொருத்துகிறார்கள். அப்படியும் குறிப்பு மங்கலாகவே வருவதுண்டு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். மறைந்திருக்கும் பிராணவாயுக் குறைவை அது தவறவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-ல் அமெரிக்க மருத்துவர்கள் கண்டார்கள். வெளிர்ந்த தோலிலும் மெல்லிய கேசத்திலும் தேறிய கருவி, நம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவரின் தலைமேல் ஏறும்போது, தெளிவில்லாத குறிப்பையும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று அடித்துச் சொல்லிவிடக்கூடும்.

ஆகவே, விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டு ஒவ்வொரு நாளும் முதலில் யந்திரத்தைப் பரீட்சிக்கவேண்டும்; குறிப்பு போதாதபோது ‘தெரியவில்லை’ என்று சொல்ல அதற்கு வழி வைக்கவேண்டும்; மூலப்பதிவுகள் ஆய்வாளரல்லாத ஒருவரிடமும் இருக்கவேண்டும். அன்றைய பரீட்சையில் தேறாத யந்திரத்திடம் மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசவே கூடாது. சுவாசக் கருவியை நிறுத்தலாமா என்ற கேள்வியையோ, எத்தனை முறை தேறினாலும், இப்போதைக்கு அதனிடம் கேட்பதற்கில்லை.