மெட்டு கட்டக் கற்றுத் தரலாம்

பாட்டும் கதையும் பிறவி வரம், சொல்லிக்கொடுத்து வராது என்பவர்கள் இளையராஜாவைத்தான் முதல் உதாரணமாகக் காட்டுவார்கள். வேடிக்கைதான். 1976இல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன்பே, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போனவர் அவர், சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்தவர். அந்த வருடங்களை விட்டுவிட்டு அவர் பிறந்த பண்ணைப்புரத்தை மட்டும் பேசுவது நமக்கு வசதி. மெட்டுக்கு வார்த்தை கட்டுவதும் அப்படிப் பழகி வருவதுதான். முத்துசுவாமி தீட்சிதரும் மேற்கத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருதச் சாகித்தியம் எழுதியிருக்கிறார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அவைதான். அவற்றில் ஒன்று பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டேதான்! சினிமாவுக்குப் பாட்டு எழுதுபவர் செய்வதும் அதே வேலை. இசையமைப்பாளர் ‘தன தானா’ என்று தத்தகாரம் பாடித் தருவார். குறில் விழும் இடத்தில் குறில், நீளும் இடத்தில் நெடில். சந்தம் இடித்தால் எப்பேர்ப்பட்ட உவமைக்கும் இடமில்லை. இதைப் பழக்கலாம். ஆனால் நம் பாட்டு வகுப்பில் சரளிவரிசை, ஜண்டைவரிசை, கீதம், வர்ணம், கீர்த்தனை என்று போகிறதே தவிர, ‘நீயாக நாலு வரிக்கு மெட்டுப் போட்டு வா’ என்று பிள்ளையிடம் கேட்கிற வாத்தியார் அபூர்வம். கதைப் பட்டறைகளிலோ உத்வேகம் பற்றிய பேச்சு அதிகம். அதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஒரே திருட்டைத் திருடன் வாயாலும், வாசல் பெருக்கும்போது அவனைப் பார்த்துவிட்ட கிழவி வாயாலும் எழுதச் சொல்லுங்கள். கதையை யார் சொல்வது என்கிற சூட்சுமம் அன்று சாயங்காலமே பிடிபட்டுவிடும்.