தீவைக் காக்கும் சட்டமும் பாசி எடுக்கும் பெண்களும்

2022 டிசம்பரில் கனடாவின் மொன்றியல் நகரில் கூடிய உலக நாடுகள், 2030-ஆம் ஆண்டுக்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தன. கேட்பதற்கு நல்ல செய்திதான். ஆனால் வரைபடத்தில் கோடு போடும்போது, அந்தக் கோட்டுக்குள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துவருபவர்களின் கதி என்ன? விடை தேட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நமது மன்னார் வளைகுடாவே போதும்.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் கொண்ட உயிர்க்கோளக் காப்பகமும் வந்தது. இவை தேவையற்றவை என்று எவரும் சொல்லிவிட முடியாது. பவளப்பாறைகள் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு வண்டி வண்டியாகப் போன காலம் ஒன்று இருந்தது. அதற்கு நாம் கொடுத்த விலை பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள். இன்று அவை கடலுக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. நம் முன்னோர் முத்துக் குளித்த கடலும் இதுதான். 1542-இல் புனித சவேரியார் வந்திறங்கிய முத்துக்குளித்துறையில், தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துபோனது. எடுத்துக்கொண்டே இருந்தால் கடலும் தீர்ந்துபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனவே கேள்வி, காக்க வேண்டுமா என்பதல்ல. யாரை வெளியே நிறுத்திக் காக்கிறோம் என்பதே.

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பெண்கள் இத்தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைப்பவர்கள். கண்ணில் கண்ணாடி, விரல்களில் துணிச் சுற்று, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் படர்ந்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டைக்கோரையையும் கையால் பறிக்கிறார்கள். அந்தப் பாசியிலிருந்துதான் அகர் அகரும், ஆலைகளுக்கு வேண்டிய ஆல்ஜினேட்டும் கிடைக்கின்றன. தேசியப் பூங்கா என்றானபின் தீவுப்பக்கம் போவதே குற்றமாகிவிட்டது. பறித்த பாசி பறிமுதல், அபராதம், விரட்டல் என்பதெல்லாம் இவர்கள் அன்றாடம் கண்டவை.

இவர்கள் செய்ததைக் கவனியுங்கள். சட்டத்தைத் திட்டிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. தமக்குள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசிக்குப் போவது, இரும்புச் சுரண்டிகளைத் தொடாமல் கையால் மட்டும் எடுப்பது, பாசி வளரும் பருவத்தில் ஒதுங்கியிருப்பது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். 2015-இல் சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கு, தீவுகளின் சூழலைக் காப்போருக்கான சீகாலஜி என்னும் பன்னாட்டு விருது கிடைத்தது. உலகம் விருது கொடுக்கிறது. உள்ளூரில் அவர்களுக்குச் சட்டப்படியான உரிமை ஏதுமில்லை. காட்டில் வாழ்வோருக்கு 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. கடலோர மக்களுக்கு அப்படியொரு சட்டம் இன்றுவரை இல்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

உண்மையில் பவளத்தை வாட்டுவது எது? 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்து மடிந்தன. அதைப் பாசி எடுப்பவர்கள் செய்யவில்லை. கடற்பாசி வளர்ப்புக்கென வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் இனம், குருசடைத் தீவருகே பவளத்தின்மேல் படர்ந்து மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அதே மாவட்டத்தில் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கும் மேலான மதிப்பில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வளர்ப்பு நல்லதுதான், பலருக்கு வேலையும் கிடைக்கும். எந்த இனத்தை, எந்த இடத்தில் வளர்ப்பது என்பதைக் கண்டிப்புடன் பார்ப்பார்களா என்பதே நம் கவலை.

விசைப்படகுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது நம் பங்குகளில் பலர் பேசத் தயங்கும் விஷயம். கரையிலிருந்து 3 கடல்மைல் வரை நாட்டுப்படகுகளுக்கே உரியது என்கிறது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். அதை மீறி இழுவைமடி அடிமண்ணைச் சுரண்டும்போது கடற்புல்லும் மீன்குஞ்சும் சேர்ந்தே போகின்றன. விசைப்படகு வைத்திருப்பவரும் நாட்டுப்படகில் போகிறவரும் ஞாயிறன்று ஒரே ஆலயத்தில், ஒரே திருப்பலியில்தான் நிற்கிறார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலை அன்பியக் கூட்டங்களில் வாசிக்கிறோம். அதே கூட்டத்தில் 3 கடல்மைல் பற்றிப் பேசினால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்களோ என்று பயப்படுகிறோம்!

வேறு வழி இருக்கிறது என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் பாக் விரிகுடாவின் 448 சதுர கிலோமீட்டர், 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகம் ஆனது. சட்டப்படி இந்த வகைப் பாதுகாப்பகத்தை அறிவிக்கும் முன் உள்ளூர் மக்களைக் கலந்தாக வேண்டும். வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவித்த மீனவர்களுக்கு அரசு பரிசும் கொடுத்திருக்கிறது. மீனவரைக் காவலுக்குத் துணையாக்கும் வழி இது.

மன்னார் வளைகுடாவிலும் இதைச் செய்யத் தடை என்ன? பெண்கள் வகுத்த 12 நாள் கட்டுப்பாட்டைப் பூங்காவின் மேலாண்மைத் திட்டத்தில் எழுத்தில் சேர்க்கலாம்; அதை எழுதும் கூட்டத்தில் பாசி எடுப்பவர்களுக்கும் நாற்காலி போடலாம். மீன்வளத்துறையும் வனத்துறையும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய காரியம் இது. அவர்களைக் கேட்க, கடலோரப் பங்குப் பேரவைகள் ஒரு மனு எழுதினால்கூடப் போதும்.