ஜீரோவுக்கும் கணக்கு உண்டு!

தாம்பரம் சண்முகம் சாலையில் எந்த எலெக்ட்ரிகல் கடையில் ஏறி "பல்பு" என்றாலும், முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் சார்?" அங்கேயே நாம் க்ளீன் போல்டு! வாட்ஸ் என்பது பல்பு சாப்பிடும் சாப்பாடு. பார்க்கிற வேலைக்குப் பெயர் லூமென். அது அட்டைப்பெட்டி ஓரத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கும். 60 வாட்ஸ் குண்டு பல்பு கொடுக்கிற வெளிச்சத்தை 14 வாட்ஸ் சி.எஃப்.எல். கொடுத்துவிடும், எல்.ஈ.டி.க்கு 9 வாட்ஸ் போதும். குண்டு பல்பு தின்றதில் முக்கால்வாசிக்கு மேல் சூடாகவே கக்கும். தாம்பரத்து மே மாசத்துக்கு அதுவேறு கேடா?

பி.காம். படித்த பாவம், எங்கள் வீட்டில் ஈ.பி. பில் என் இலாகா. போன பில் 512 யூனிட். பன்னிரண்டுதானே என்கிறீர்களா? 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்குமான சலுகை ரேட் அம்பேல்! 2022 செப்டம்பர் கட்டணப்படி ரூ.2.25 என்பது ரூ.4.50. அதில் மட்டும் 225 ரூபாய் தண்டம்.

பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். தினம் 5 மணி நேரம், இரண்டு மாசத்துக்கு 300 மணி. குண்டு பல்பு 18 யூனிட், சி.எஃப்.எல். 4.2, எல்.ஈ.டி. 2.7. ஆக, ஓடுகிற சி.எஃப்.எல்.லைக் கழற்றி எறிந்தால் மிச்சம் ஒன்றரை யூனிட். விட்டுவிடுங்கள், அதுவாகப் போகும்போது போகட்டும். (உள்ளே பாதரசம் இருக்கிறது, உடைந்தால் ஜன்னலைத் திறங்கள், துடைப்பத்தை எடுக்காதீர்கள்.) 2014-ல் அரசு மொத்தமாக வாங்கியபோதே 310 ரூபாயாக இருந்த எல்.ஈ.டி., 2015-ல் உஜாலா திட்டம் வந்த பிறகு சில வருஷத்தில் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அதனால் அவசரமே இல்லை.

அப்படியானால் திருடன் யார்? ராத்திரி முழுக்க எரியும் ஜீரோ வாட்ஸ்! பெயர்தான் ஜீரோ, சாப்பிடுவது 15 வாட்ஸ். பழைய சக்கர மீட்டர் அந்தச் சின்ன லோடைக் கண்டுகொள்ளாததால் வந்த பெயர் என்பார்கள். இப்போதைய மீட்டருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. தினம் 10 மணி நேரத்துக்கு இரண்டு மாசத்தில் 9 யூனிட். ஹால் எல்.ஈ.டி.யைப் போல மூன்று மடங்கு! எங்கள் வீட்டில் அப்படி இரண்டு.

ஹாலில் இருந்ததை அரை வாட்ஸ் எல்.ஈ.டி.யாக மாற்றியாச்சு. பூஜை ரூமில் கை வைத்தபோது மாமியார் குறுக்கே வந்தார்.

"அந்தச் சிவப்பு வெளிச்சம் அம்பாளுக்கு, மாப்பிள்ளை. அதுல கணக்குப் பார்க்காதீங்க."

அம்பாளோடு ஆடிட் செய்ய முடியுமா? 503-ல் நிற்கிறது. அடுத்த குறி, கிச்சனில் சோக்கோடு சேர்ந்து 50 வாட்ஸ் இழுக்கும் பழைய ட்யூப்லைட். 20 வாட்ஸ் எல்.ஈ.டி. பட்டை போட்டால் இன்னொரு 9 மிச்சம், 494. ரீடிங் எடுத்தவர் நேற்றுதான் கார்டில் எழுதிவிட்டுப் போனார், இனி முழுசாக இரண்டு மாசம் கையில் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன்தான் "நாளைக்கு வரேன் சார்" என்று மூன்று நாளாகச் சொல்கிறார்.