வாட் காட்டும் மாயை

மலேசியாவில் 16 வயது நிறைந்தவர்கள் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறலாம். உரிமம் கைக்கு வந்ததும் இளைஞர் சிலருக்கு முன்விளக்கை மாற்றும் ஆசை எழுகிறது. உதிரிப்பாகக் கடையில் அவர்கள் முதலில் கேட்பது, “இந்த எல்.இ.டி விளக்கு எத்தனை வாட்?” என்பதே. வாட் கூடினால் வெளிச்சமும் கூடும் என்னும் நம்பிக்கைதான் இதற்குக் காரணம். இந்த நம்பிக்கை தவறானது, ஆபத்தானதும் கூட.

வாட் என்பது விளக்கு பயன்படுத்தும் மின்திறனின் அளவாகும். விளக்கு வெளியிடும் ஒளியை அளக்கும் அலகு லூமன். எவ்வளவு விறகு எரிந்தது என்பதை மட்டும் வைத்து எவ்வளவு சோறு வெந்தது என்று சொல்லிவிட முடியாது. 55 வாட் கொண்ட ஹெச்7 வகை ஹாலோஜன் விளக்கு ஏறத்தாழ 1,500 லூமன் ஒளியைத் தருகிறது. அது பயன்படுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. வாட்டுக்கு 100 லூமன் தரும் எல்.இ.டி விளக்கோ அதே அளவு ஒளியை 15 வாட்டிலேயே தந்துவிடும். எனவே, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட வாட் எண்ணைக் கண்டு மயங்குவது அறிவுடைமை ஆகாது.

லூமனை அறிந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒளி எங்கே விழுகிறது என்பதே முக்கியம். ஹாலோஜன் முன்விளக்கின் பிரதிபலிப்பான், இழை அமைந்திருக்கும் இடத்திற்கேற்ப வடிவமைக்கப்படுகிறது. அந்த இடத்தில் எல்.இ.டி சரியாகப் பொருந்தாவிட்டால், சாலையில் விழ வேண்டிய ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரின் கண் மூன்று விநாடி கூசினாலும், அவர் ஏறக்குறைய 50 மீட்டர் தூரத்தைப் பார்வையின்றியே கடக்கிறார். தெருவிளக்கு இல்லாத தோட்டப்புறச் சாலையில் அந்த 50 மீட்டருக்குள் ஒரு மிதிவண்டியோட்டி இருக்கலாம்.

“வெளிச்சம் மிகுந்தால் பாதுகாப்பும் மிகும்” என்று வாதிடுவோர் உள்ளனர். அதில் ஓரளவு உண்மையுண்டு. 1992ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் மோட்டார் சைக்கிளோட்டிகள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்பது விதியாக உள்ளது. மற்றவர்கள் அவர்களை எளிதில் காண வேண்டும் என்பதே அதன் நோக்கம். மற்றவர்களின் பார்வையைப் பறிப்பதன்று.

ஆகவே, விளக்கு வாங்குவோர் வாட்டை மட்டும் கேட்பதை விட்டுவிட வேண்டும். எத்தனை லூமன், வாகனத்தின் பயனர் கையேடு குறிப்பிடும் வகையா, வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு உண்டா, சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகள் அனுமதிக்கின்றனவா எனக் கேட்டறிய வேண்டும். பொருத்திய பின்னர், ஒளிக்கற்றையின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். தன் வழியைக் காட்டும் விளக்கு பிறர் வழியை மறைக்கக் கூடாது. அதுவே நல்ல விளக்குக்கும் நல்ல ஓட்டுநருக்கும் அடையாளம்.