அன்னையையும் பனிமலைக்கு அழைத்துச் செல்லலாமா?

சுவிற்சர்லாந்துக்கு விடுமுறையிற் போய்வருவதென்பது ஒரு காலத்திற் செல்வந்தருக்கே உரிய காரியமாக இருந்தது. 1983ஆம் ஆண்டின் பின்னர் எம்மவர் பல்லாயிரவர் அந்நாட்டிற் குடியேறிவிட்டமையால், இன்று யாழ்ப்பாணத்துச் சாதாரண குடும்பங்களிலும் அந்தப் பேச்சு எழுகின்றது. "தம்பி கூப்பிடுகிறான், பிள்ளைகளின் விடுமுறைக்கு எல்லாரும் போய்வருவோமா?" என்று ஒருவர் தொடங்கிவிட்டால், அன்றிரவே ஒரு பட்டியல் தயாராகிவிடும். பட்டியலின் தலையில் யுங்பிராவ் பனிமலை இருக்கும். அடியிலே, மிஞ்சிய நாட்களுக்குப் பாரிஸ், உரோமாபுரி, வெனிஸ் என்று மூன்று நகரங்கள் இருக்கும். உடன் வரப்போகும் எழுபது வயது அன்னை அப்பட்டியலில் எங்கே இருக்கின்றார் என்று பார்ப்பவர் சிலரே.

நண்பர் ஒருவர் அண்மையில் இத்தகைய பட்டியலொன்றை எம்மிடம் காட்டினார். அவருடைய தாயாருக்கு இருதய நோய் உண்டு. இளைய மகனைக் கண்டு பதினொரு ஆண்டுகளாகின்றன. வைத்தியரைக் கேட்டீர்களா என்றோம். "புகையிரதத்தில் இருந்தபடிதானே போகப்போகிறா, நடக்கத் தேவையில்லையே" என்றார் நண்பர். அந்த மறுமொழியே இவ்வாரம் இதைப் பற்றி எழுதத் தூண்டியது.

அந்தப் புகையிரதம் உண்மையிலேயே ஓர் அதிசயந்தான். அடோல்ப் கையர்-செல்லர் என்ற தொழிலதிபர் அதனைத் திட்டமிட்டார். 1896இல் வேலை தொடங்கியது. ஏழாண்டில் முடியுமென்று எண்ணியது பதினாறு ஆண்டு பிடித்தது; திட்டமிட்டவரோ 1899இலேயே காலமாகிவிட்டார். ஐகர், மோன்க் என்னும் இரு மலைகளின் வயிற்றைக் குடைந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளத்துக்குச் சுரங்கம் அமைத்தார்கள். குடைந்தவருட் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியத் தொழிலாளர். வெடி விபத்துகளில் மாண்டவர் பலர். யுங்பிராவ் சிகரம் வரை பாதையைக் கொண்டுசெல்வதே முதலில் இருந்த எண்ணம். அது கைகூடாமற் சிகரத்துக்குக் கீழேயுள்ள கணவாயோடு பாதை நின்றது. 1912 ஆகஸ்ட் 1ஆம் நாள், சுவிஸ் மக்களின் தேசிய தினத்தன்று, அந்த நிலையம் திறக்கப்பட்டது. அதுவே யுங்பிராவ்யோக். தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்சில்லு கவ்விப் பிடிக்க, வண்டி செங்குத்தான பாதையில் வழுக்காது ஏறுகின்றது. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் அந்தச் சில்லைக் கட்டாயம் பார்த்துவர வேண்டும்.

ஆனால் நிலையத்தின் உயரம் 3,454 மீற்றர் என்பதை மறக்கலாகாது. இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதாலகால மலையே 2,524 மீற்றர்தான். பீதுருதாலகாலவின் உச்சியில் நின்று இன்னும் 930 மீற்றர் மேலே போவதாக எண்ணிப் பாருங்கள். அங்கே வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் அவ்வளவுக்குக் குறையும். அடிவாரத்து இன்ரர்லாக்கன் நகரம் 570 மீற்றர் அளவில் இருப்பது. அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வண்டி மேலே கொண்டுபோய் விட்டுவிடும். கால் நடக்காவிடினும் இருதயமும் நுரையீரலும் அந்த உயரத்தை ஏறித்தான் ஆகவேண்டும். நல்ல சுகதேகிகளுக்கே தலையிடியும் மயக்கமும் வருவதுண்டு. இருதய நோயும் தொய்வும் உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் வைத்தியரின் வாய்ச்சொல் இன்றி அங்கே போகலாகாது.

அப்படியானால் அன்னை பனிமலையைக் காணாமலே திரும்புவதா? வேண்டியதில்லை. இன்ரர்லாக்கனுக்கு அருகே வில்டர்ஸ்வில் என்ற ஊரிலிருந்து ஷீனிகே பிளாட்டே என்னும் மேட்டுக்கு இன்னொரு பற்சில்லுப் புகையிரதம் ஏறுகின்றது. 1893இல் திறக்கப்பட்ட பாதை அது. பழைய மரப்பெட்டிகள்; ஆடி அசைந்து போக ஐம்பது நிமிடங்களாகும். மேல் நிலையத்தின் உயரம் 1,967 மீற்றர், நுவரெலியாவைவிட நூறு மீற்றர்தான் அதிகம். நுவரெலியாவுக்குச் சுகமாகப் போய்வந்த மூதாட்டிக்கு அந்த உயரம் புதிதன்று. அங்கே ஒரு வாங்கில் அமர்ந்தால் ஐகர், மோன்க், யுங்பிராவ் ஆகிய மூன்று சிகரங்களும் எதிரே வரிசையாக நிற்கும். மலைப்பூக்களுக்கென்றே அமைத்த தோட்டமொன்றும் உண்டு. 600க்கு மேற்பட்ட இனச் செடிகளைப் பெயர்ப்பலகையுடன் வளர்க்கின்றார்கள். உள்ளதைச் சொன்னால், ஒரு மலையின் மேல் நிற்பவனுக்கு அந்த மலையின் அழகு தெரிவதில்லை. இளையவர்கள் ஒருநாள் யோக்குக்குப் போய்வரட்டும். அன்னையோடு ஒருவர் கீழே நிற்கட்டும். ஷீனிகே பிளாட்டேக்கு எல்லாரும் சேர்ந்து போகலாம். ஆனால் அந்த வண்டி கோடைகாலத்திலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலுமே ஓடும் என்பதைக் கவனிக்க.

காலம் என்றதும் ஒரு முக்கிய விஷயம். எம்மவரின் பட்டியல்கள் இங்குள்ள பள்ளி விடுமுறையை வைத்து எழுதப்படுகின்றன. அங்கே இருக்கும் தம்பிக்கு விடுமுறை எப்போது? உணவக விடுதியின் குசினியில் வேலை செய்பவருக்குக் கோடைகாலந்தான் ஓய்வில்லாத காலம். அங்குள்ள பள்ளிகளின் விடுமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அண்ணன் குடும்பம் வந்து இறங்கிய பின்பு, பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவிலே முகம் காட்டும் தம்பியை எண்ணிப் பாருங்கள். பதினொரு ஆண்டு காத்திருந்த தாய்க்கு மலையா பெரிது? ஆகவே முதலில் அவரிடம் விடுமுறைத் திகதிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு மற்றவற்றை அதன்பின் எழுதுங்கள்.

அடுத்தது விசா. 2008 டிசம்பர் முதல் சுவிற்சர்லாந்து செங்கன் உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தி வருகின்றது. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதங்கள் முன்பிருந்தே கொடுக்கலாம். 15 நாட்களுக்குப் பிந்தலாகாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். முன்னரே உள்ள நோய்களைப் பல காப்புறுதிகள் ஏற்பதில்லையாதலால், அன்னையின் பத்திரத்தைச் சிறிய எழுத்து உட்பட வாசித்துக் கையொப்பமிடுக. அழைப்பவரையும் 30,000 பிராங்கு வரை பொறுப்பேற்கும்படி அதிகாரிகள் கேட்கக்கூடும். அது சிறிய தொகையன்று. தம்பியின் மனைவியும் அறிந்து சம்மதித்த காரியமாக இருத்தல் நன்று. விசா கைக்கு வருமுன் விமானச் சீட்டுக்குப் பணம் கட்டாதிருங்கள்.

பிரயாண அட்டை வாங்கினால் எல்லாம் இலவசம் என்ற எண்ணமும் உலவுகின்றது. 'சுவிஸ் ராவல் பாஸ்' என்னும் அட்டை கிறிண்டல்வால்ட், வெங்கன் ஆகிய ஊர்கள் வரைதான் முழுமையாகச் செல்லும். அதற்குமேல் யோக்குக்கு 25 வீதக் கழிவுதான். மிகுதியைக் கையாற் கொடுக்க வேண்டும். ஒரே ஊரிலே தங்கி ஓரிரு மலைக்கு மட்டும் போவோருக்குப் பாதிக் கட்டண அட்டை மலிவாக வரக்கூடும். கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலையை வீட்டிலுள்ள மாணவரிடம் விடுங்கள். பாரிஸையும் வெனிசையும் அடித்துவிட்டாற் கணக்கு இன்னும் இலகுவாகும்.

மேலே போகும் நாளில், கோடையிலும் குளிர் உறைநிலையை ஒட்டியிருக்கும். கம்பளிச் சட்டையும் வழுக்காத சப்பாத்தும் வேண்டும். வெயிலிற் பனி கண்ணைக் கூசவைப்பதால் கறுப்புக் கண்ணாடியும் அவசியம். காலையில் மலையுச்சியின் நேரடிப் படத்தைக் கைத்தொலைபேசியிற் பார்த்துவிட்டே சீட்டு வாங்குங்கள். மூட்டத்துள் ஏறிப்போய் வெண்ணிறச் சுவரைப் பார்ப்பதற்கு அவ்வளவு பணம் வேண்டாம். தெளிந்த நாளில் ஏறினால், யோக்கிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அலெற்ச் பனியாற்றைக் காணலாம். அல்ப்ஸ் மலைகளிலே மிக நீண்டது அதுவே. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் நாட்டுப் பனியாறுகள் தம் கனவளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. பிள்ளைகளுக்கு அதைக் காட்டும்போது இதையும் சொல்லிவையுங்கள்.

மழைநாளில் வீட்டிலே முடங்க வேண்டியதில்லை. லவுற்றர்புறுன்னன் பள்ளத்தாக்கில் திறும்மல்பாக் என்னும் அருவிகள் மலையின் உள்ளேயே விழுகின்றன. மேலே நீர் உருகும் பனியாறுகள் பலவற்றின் வடிகால் அது. மின்தூக்கியில் ஏறலாம், ஆயினும் படிகள் ஈரமானவை; நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடார்.

ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். அரிசியும் மரக்கறியும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.