வெயில் நாட்டுக்காரருக்கு ஊசி எதற்கு?

சென்ற மாதம் ஒரு பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்திற்கு என்னை அழைத்திருந்தார்கள். அப்பள்ளி மாணவர்கள் இருபத்து நால்வர் கோடை விடுமுறையில் கென்யா நாட்டிற்குச் சுற்றுலா போகிறார்கள். நிலநடுக்கோட்டின் மேல் நிற்பது, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கைப் பார்ப்பது, மாசாய் மாரா காட்டில் சிங்கம், பிறகு விக்டோரியா ஏரி என்று பத்து நாள் திட்டம். இயற்பியல் தெரிந்த ஒருவர் துணைக்கு வந்தால் நல்லது என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டிருந்தார்.

கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. புளியோதரை எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார்கள். செல்பேசி அங்கே வேலை செய்யுமா என்று கேட்டார்கள். நான் உடல்நலத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் ஒரு தந்தையார் எழுந்து, "என்ன சார், நாமளே வெயில் நாட்டுக்காரங்க. கொசுக்கடியிலேயே பொறந்து வளர்ந்த பிள்ளைங்க. இதெல்லாம் வெள்ளைக்காரனுக்குச் சொல்ல வேண்டியது" என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது. அன்று அவருக்குச் சொல்லாத விடையை, மாணவ நண்பர்களே, இன்று உங்களுக்கு எழுதுகிறேன். பயணம் போகிறவர்கள் நீங்கள்தானே!

நம் ஊர்க் கொசுவும் ஆப்பிரிக்கக் கொசுவும் கடிப்பது ஒரே மாதிரிதான். கொசு கொண்டு வருவது எது என்பதே கேள்வி. மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணிகளில் பல வகைகள் உண்டு. சென்னையில் நெடுங்காலமாகத் தொல்லை கொடுத்து வந்தது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற வகை. அது ஆளை வாட்டும். திரும்பத் திரும்ப வரும். ஆனால் உயிரைக் குடிப்பது அரிது. கென்யாவில் மிகுந்திருப்பது ஃபால்சிபாரம் என்ற வகை. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துச் சில நாட்களிலேயே ஆளைக் கொன்றுவிடக் கூடியது இது.

விக்டோரியா ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த ஒருவர், சிறு வயதிலேயே பல முறை மலேரியா கண்டு பிழைத்ததால் அரைகுறையான எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பார். அவரே வேறு நாட்டில் சில ஆண்டுகள் தங்கிவிட்டு ஊர் திரும்பினால் அந்த ஆற்றல் குறைந்து போயிருக்கும். அப்படியிருக்க, மதுரையிலோ தஞ்சையிலோ பிறந்த பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்? அந்த ஒட்டுண்ணியின் முன்னே நம் பிள்ளையும் இலண்டன் பிள்ளையும் ஒன்றே. மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். வந்திருக்கிறது, 2019-ஆம் ஆண்டு அதை முதலில் போட்டுப் பார்த்த மூன்று நாடுகளில் கென்யாவும் ஒன்று. ஆனால் அது அங்கேயே வாழும் குழந்தைகளுக்காக ஏற்பட்டது. பத்து நாள் விருந்தாளிக்கு மாத்திரையும் கொசுவலையுமே காப்பு. எந்த மாத்திரை என்பதை வயதும் எடையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். புறப்படுமுன் தொடங்கி, திரும்பி வந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரை விடாமல் விழுங்க வேண்டும். விமானம் தரையிறங்கியதும் மாத்திரைப் பட்டையைத் தூக்கி எறிபவர்களும் அகப்பட்டுக் கொள்வதுண்டு.

இதில் நம் பாடமும் கொஞ்சம் இருக்கிறது. நைரோபி நகரம் கடல் மட்டத்திற்குச் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், நம் ஏற்காட்டையும் விட மேலே, இருக்கிறது. நிலநடுக்கோட்டின் அருகில் இருந்தும் அங்கே கம்பளிச் சட்டை தேவைப்படும். வெப்பநிலை ஏறத்தாழ 18 பாகை செல்சியசுக்குக் கீழே போனால், ஃபால்சிபாரம் கொசுவின் உடலில் முதிர்ச்சி அடைவதற்குள் கொசுவின் ஆயுளே முடிந்துவிடும். அதனால் நைரோபியில் மலேரியா குறைவு. ஏரிக்கரைக்கு இறங்கினாலோ மொம்பாசா கடற்கரைக்குப் போனாலோ நிலைமை வேறு. ஒரே நாட்டுக்குள் உயரம் மாறினால் நோயும் மாறுகிறது. போதாக்குறைக்கு மார்ச் முதல் மே வரை அங்கே நீண்ட மழைக்காலம். நம் கோடை விடுமுறை சரியாக அதன் வாலைப் பிடித்துக் கொண்டு போகிறது.

அடுத்து மஞ்சள் காய்ச்சல். கூட்டத்தில் ஓர் அம்மையார் இதை மஞ்சள் காமாலை என்று எண்ணிக் கொண்டு, "கீழாநெல்லி கையோட குடுத்து அனுப்பிடறேன்" என்றார். பெயர் செய்த குழப்பம் இது. மஞ்சள் காய்ச்சல் என்பது ஒரு வைரஸ் நோய். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மட்டுமே நிலைத்திருக்கிறது. கல்லீரலைத் தாக்குவதால் கண் மஞ்சளாகும். அந்த அளவில்தான் காமாலையோடு ஒற்றுமை. இதற்குக் குறிப்பான மருந்து கிடையாது. ஆனால் மிகச் சிறந்த தடுப்பூசி இருக்கிறது. 1937-இல் மாக்ஸ் தைலர் என்பவர் உருவாக்கியது. 1951-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய அதே வைரஸ் வகையைக் கொண்டுதான் இன்றும் ஊசி தயாராகிறது. ஒரு முறை போட்டால் போதும். அதற்கான சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2016-இல் விதி வந்துவிட்டது.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பயண ஏற்பாடு செய்பவர் ஒருவர், "புள்ளைங்களை அலைய விட வேண்டாம் சார், ஊசி போடாமலே அட்டை வாங்கித் தந்துடலாம்" என்று என் காதோடு சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். இருபத்து நான்கு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் தொல்லையை மிச்சப்படுத்தப் பார்க்கிறார். ஆனால் அந்த அட்டை எதற்காக என்று அவருக்குத் தெரியவில்லை.

இந்த நோய் ஓர் ஊரில் பரவ மூன்று வேண்டும். ஒன்று வைரஸ். இரண்டாவது ஏடிஸ் எஜிப்தி என்னும் பகற்கொசு. மூன்றாவது எதிர்ப்பாற்றல் இல்லாத மக்கள். டெங்குவைப் பரப்பும் அதே கொசு உங்கள் மொட்டை மாடித் தொட்டியிலும், குளிர்பதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டிலும் வளர்கிறது. எதிர்ப்பாற்றல் இல்லாதவர் இந்நாட்டில் 140 கோடிப் பேர். மூன்றில் இரண்டு நம்மிடம் தயாராக இருக்கின்றன. மீதி ஒன்றை ஒருவன் தன் இரத்தத்தில் ஏந்திக் கொண்டு விமானத்தில் வந்து இறங்கலாம். நடக்காத கதை அன்று. 2016-இல் அங்கோலாவில் இந்நோய் பரவியபோது, அங்கே வேலைக்குப் போயிருந்த சீனர்கள் பதினோரு பேர் நோயோடு சீனாவுக்குத் திரும்பினார்கள். நல்ல வேளையாக அங்கே மேலும் பரவவில்லை.

ஆகவேதான் கென்யா போன்ற நாட்டிலிருந்து அட்டையில்லாமல் வருபவரை நம் அரசு ஆறு நாட்கள் வரை தனியே வைத்துப் பார்க்கிறது. வைரஸ் உடலில் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட மூன்று முதல் ஆறு நாட்கள் ஆகும் என்பதுதான் அந்த ஆறு நாளின் கணக்கு. ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பின்னரே அட்டை செல்லுபடியாகும். எதிர்ப்பாற்றல் ஊற அத்தனை நாட்கள் வேண்டும். பொய் அட்டை அதிகாரியை ஏமாற்றலாம், கொசுவை ஏமாற்றாது. இந்த ஊசி தெருக்கோடி மருத்துவமனையில் கிடைக்காது. கிண்டி கிங் நிலையம் போல அரசு அனுமதித்த இடங்களில் மட்டுமே போடுவார்கள். முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள் அங்கே முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புறப்படுவதற்கு முந்தின வாரம் ஓடினால் பயன் இல்லை.

நோய் ஒரு வழிப்பாதையில் மட்டும் போவதில்லை. சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளர்ந்து நகர மலேரியாவைப் பரப்பிய அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி என்ற கொசு 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாட்டில் காணப்பட்டது. பின்னர் எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் கூட. ஆசியக் கொசு அங்கே போய் அவர்களுடைய நகரங்களுக்குப் புதுத் தலைவலி ஆகியிருக்கிறது. நாம் மட்டும் தூய்மையானவர்கள், அவர்கள் நாடுதான் நோய்க்காடு என்று யாரும் மூக்கைச் சுளிக்க வேண்டாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிணற்றிலும் வாய்க்காலிலும் குதித்துப் பழகியவர்கள் நம் பிள்ளைகள். விக்டோரியா ஏரியின் ஓரம் கண்ணாடி போல் இருப்பதைப் பார்த்ததும் கால் நனைக்கத் தோன்றும். வேண்டாம். அங்கே நத்தைகளில் வளரும் ஒரு புழுவின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் நீரில் நீந்தித் திரிகின்றன. முழுத் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். நீரைக் குடிக்கவே வேண்டியதில்லை, காலை வைத்தாலே போதும். கடித்த உணர்வும் இராது. ஷிஸ்டோசோமா என்ற இந்தப் புழுவை 1851-இல் கெய்ரோவில் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டுபிடித்தார். மாத்திரையால் குணப்படுத்தலாம். ஆனால் நம் ஊர் மருத்துவர் பலர் வாழ்நாளில் ஒரு நோயாளியைக் கூடப் பார்த்திராத நோய் இது என்பதை நினைவில் வையுங்கள்.

குடிநீருக்கு வழக்கமான விதிதான்: கொதிக்க வைத்தது, அல்லது மூடி உடைக்காத பாட்டில். ஒரு மாணவி நல்ல கேள்வி கேட்டாள். "நைரோபி உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்னாலேயே கொதித்துவிடுமே, கிருமி சாகுமா சார்?" 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறத்தாழ 1 பாகை குறையும். ஆகவே அங்கே 94 பாகை அளவில் கொதிக்கும். நோய்க்கிருமிகளைக் கொல்ல அது தாராளம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். கூட்டத்தில் எனக்குப் பிடித்த கேள்வி அதுதான்.

எவ்வளவு பார்த்துச் சாப்பிட்டாலும் இருபத்து நான்கு பேரில் சிலருக்கு வயிற்றுப்போக்கு வரத்தான் செய்யும். அதற்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் பையில் இருக்கட்டும். 1971-இல் வங்கதேச அகதிகள் பாங்காவ் முகாமில் வாந்திபேதியால் செத்துக் கொண்டிருந்தபோது, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை வாய் வழியே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் மாண்ட இடத்தில் சாவு நான்கு பேருக்கும் கீழே குறைந்தது. குடலின் சுவரில் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன; அவற்றின் பின்னே நீரும் நுழைகிறது. உப்பு மட்டுமோ சர்க்கரை மட்டுமோ கொடுத்தால் அவ்வளவு பயன் இல்லை. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். "கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும்" என்று அரை லிட்டரில் கரைப்பது கெடுதல்.

வாகனத்தில் இடைவார் கட்டுங்கள், குரங்குக்கு வாழைப்பழம் நீட்டாதீர்கள், விலங்கு எது பிராண்டினாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். இவை உங்களுக்குத் தெரிந்தவையே.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவன் தான்சானியாவில் உள்ள மாமா வீட்டுக்குப் போய் வந்தான். பதினைந்தாம் நாள் காய்ச்சல். பக்கத்து மருத்துவமனையில் மூன்று நாள் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். அவனும் தான்சானியாவைப் பற்றிச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நான்காம் நாள் பிதற்றத் தொடங்கினான். வேறிடத்தில் வயதான மருத்துவர் ஒருவர், "வெளியூர் எங்கயாச்சும் போனியாப்பா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் அவனைக் காப்பாற்றியது. இரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்ததும் ஃபால்சிபாரம் தெரிந்தது. பிழைத்தான், ஒரு பருவத் தேர்வு போயிற்று. கொசு கடித்து ஏழு நாள் கழித்துத்தான் இந்தக் காய்ச்சல் தொடங்கும். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் வரும். சில சமயம் மூன்று மாதம் கழித்தும் வரும். அதற்குள் பயணம் மறந்து போயிருக்கும்.

எனவே தலைமையாசிரியரிடம் இரண்டு நிபந்தனைகள் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் ஓர் அட்டை இருக்க வேண்டும். அதில், "நான் கென்யா சென்று இன்ன தேதியில் திரும்பினேன். எனக்குக் காய்ச்சல் என்றால் இன்றே மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருக்க வேண்டும். மூன்று மாதம் அதைத் தூக்கி எறியக் கூடாது. இரண்டாவது, ஊசி போடாமல் அட்டை வாங்கிய ஒருவர் இருந்தாலும் நான் வரமாட்டேன்.

நான்யுகி என்ற ஊரில் நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் பாத்திரத்தில் நீரைச் சுழலவிட்டு வேடிக்கை காட்டிக் காசு வாங்குவார்கள். வடக்கே ஒரு பக்கம், தெற்கே மறுபக்கம் சுழலும். புவிச் சுழற்சியின் விளைவு அத்தனை சிறிய பாத்திரத்தில் தெரியவே தெரியாது. எல்லாம் ஊற்றுகிறவரின் கைத்திறன். அதை அங்கேயே சோதித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் பயணம் நின்றுவிடக் கூடாது என்பதில் எனக்கும் சுயநலம் உண்டு.

சிரித்த தந்தையார் நேற்றுத் தொலைபேசியில் அழைத்தார். கிண்டிக்கு எத்தனை மணிக்குப் பிள்ளையை அழைத்து வர வேண்டும் என்று கேட்டார். காலை ஒன்பது மணி என்றேன். எனக்கும் அன்றுதான் ஊசி.