பாக்கெட்டில் இருப்பது எது?



இத்தாலி நாட்டில் போர்ச்சினி என்று ஒரு காளான் இருக்கிறது. நம்மூர்க் காளான் போலக் குடைக்கு அடியில் மடிப்பு இராது; பஞ்சு போன்ற நுண்துளைகள்தான் இருக்கும். அதிலே கருங்குடை உள்ள ஒரு வகை பெரும்பாலும் ஓக் மர நிழலில் முளைக்கும். உயிருள்ள மரத்தின் வேரோடு ஒட்டி வாழும் இனம் என்பதால், சிப்பிக் காளான் போல வைக்கோலில் போட்டு விளைவிக்க முடியாது. காட்டில் பறித்து வந்தால்தான் சரக்கு. 10 கிலோ உலர்த்தினால் 1 கிலோ தேறும். விலை ஏன் ஏறாது?

அங்கே 1993-ல் சட்டம் போட்டார்கள். பறிக்கப் பொது வரம்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 3 கிலோ. காளான் தெரிந்த பரிசோதகர் பார்த்துச் சான்று தந்த பிறகே பச்சைக் காளானைக் கடையில் வைக்கலாம். போர்கோதாரோ என்ற ஊர்ப்பக்கத்துக் காளானுக்கு 1996-ல் ஐரோப்பிய அளவில் ஊர்ப் பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்தது.

இனி மறுபக்கம். லண்டனில் வாங்கிய ஒரு பாக்கெட் சீனத்து உலர் போர்ச்சினியிலிருந்து 15 துண்டுகளை எடுத்து, கியூ தாவரவியல் தோட்டத்து ஆய்வாளர்கள் மரபணுச் சோதனை செய்தார்கள். உள்ளே மூன்று இனங்கள். மூன்றுக்கும் அதுவரை விஞ்ஞானத்தில் பெயரே கிடையாது! 2014-ல்தான் பெயர் சூட்டினார்கள். சீனத்தில் மக்கள் சாப்பிடும் காளான்தான், கலப்படம் என்று சொல்ல முடியாது. ஆனால் பறித்தவர், ஏற்றியவர், இறக்கியவர், விற்றவர் யாருக்கும் அது இன்ன சரக்கு என்று தெரியாது.

காளானை விடுங்கள், நம் மளிகைக்கு வருவோம். சுமார் முப்பது வருடங்களுக்கு முன் ஒரு மண்டியில் மேல் மாதிரியை மட்டும் பார்த்துக் கொத்தமல்லி மூட்டைகள் எடுத்தேன். அடியில் பழைய சரக்கு. மண்டிக்காரரை யாரும் கேட்கவில்லை. "நீங்க கொடுத்ததுதானே அண்ணாச்சி?" என்று என்னைத்தான் கேட்டார்கள். அந்தச் சில்லறைக் கடைக்காரர்களில் இருவர் திரும்பி வரவே இல்லை.

எடையும் விலையும் பில்லில் இருக்கின்றன. எந்த ஊர்ச் சரக்கு, எந்த வருட மகசூல் என்பதும் இருக்கட்டுமே. எழுதித் தர மறுப்பவரிடம் கொள்முதல் வேண்டாம் என்பது என் கட்சி. மொத்த வியாபாரிகளாகிய நாங்கள்தான் முதலில் எழுதித் தர வேண்டும். என் கடையில் தொடங்கிவிட்டேன். வேலை கொஞ்சம் கூடுதல்தான், கணக்குப்பிள்ளை முணுமுணுக்கிறார். அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.